பள்ளிப் பிள்ளைகளுக்கான நாடகமும் கூட்டாக எழுதும் முறையும்

நாலடியாரைப் பற்றிச் சமணக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பஞ்சத்துக்குப் பாண்டிய நாடு வந்த எண்ணாயிரம் முனிவர்கள், அரசன் விடை தராததால் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். ஆளுக்கொரு வெண்பா எழுதித் தத்தம் இருக்கையின் கீழ் வைத்துவிட்டுப் போனார்கள். கோபங்கொண்ட அரசன் அத்தனையையும் வைகையில் எறியச் சொல்ல, நானூறு ஏடுகள் மட்டும் நீரை எதிர்த்து வந்தன. நடந்ததா இல்லையா என்பது ஆராய்ச்சியாளர் பாடு. ஒரு நூலைப் பல கைகள் எழுதலாம், எழுதியவர் பெயர் தெரியாமலே அது நிற்கலாம் என்பதில் முன்னோருக்குச் சங்கடம் இருக்கவில்லை. ஈண்டு நோக்கத்தக்கது அதுவே.

இன்று நம் சங்கங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் போடும் சிறுவர் நாடகங்களைப் பாருங்கள். அழைப்பிதழில் கதை, வசனம், இயக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அந்த ஒருவர் பெரும்பாலும் தம் சிறு வயதில் பார்த்த நாடகத்தையே திரும்ப எழுதுகிறார். ஓர் அரசன், ஒரு புலவர், மூச்சு வாங்கும் வசனம். மேடையில் நிற்கிற பிள்ளைக்கு மனப்பாடம், கீழே உட்கார்ந்த பிள்ளைக்குக் கொட்டாவி. பிறர் மேல் பழி போடவில்லை. நானே அப்படி ஒன்று எழுதியவன்தான்.

சில வருஷங்களுக்கு முன் தாராவிப் பக்கத்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றுக்காகச் சீவக சிந்தாமணியின் தொடக்கத்தை நாடகமாக்கினேன். கட்டியங்காரன் சூழ்ச்சி, சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் கருவுற்ற அரசி விசயை தப்பிப்பது, சுடுகாட்டில் பிள்ளைப்பேறு, இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் சீவகனை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். (மீதிக் கதையில் வரும் திருமணங்களை நாலாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது?) கடையை அடைத்த பிறகு கிங்ஸ் சர்க்கிள் வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதம் எழுதினேன். எதுகை மோனை எல்லாம் இருந்தது. முதல் ஒத்திகையிலேயே தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த சின்ன வகுப்புகள் ஒன்றையொன்று கிள்ள ஆரம்பித்துவிட்டன. வகுப்பாசிரியை திருநெல்வேலிப் பக்கம். வந்தவாசிக்காரனான என்னையும் அங்கே எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி, தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத பத்து நிமிசம் ராசா பேசிக்கிட்டே இருக்காரு, ஒண்ணும் நடக்கலியே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், அவர் சொன்னதைவிட நல்ல விமரிசனம் அந்த நாடகத்துக்கு வேறு கிடையாது.

இந்தச் சிக்கலை வேறு ஊர்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பெர்லினில் கிரிப்ஸ் என்று ஒரு சிறுவர் அரங்கு. 1966ல் ஒரு கேபரே அரங்கின் கிளையாகத் தொடங்கி 1972ல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அதற்குப் பெயர் வாங்கித் தந்த 1969ஆம் ஆண்டு நாடகம் 'ஸ்டோக்கர்லோக் உண்ட் மில்லிப்பில்லி'. எழுதியவர்கள் ஃபோல்கர் லுட்விக், ரைனர் ஹாக்ஃபெல்ட் என்று இருவர். அண்ணன் தம்பிகள், லுட்விக் என்பது அண்ணனின் புனைபெயர், தம்பி கார்ட்டூன் போடுகிறவர். பேச்சு எழுதத் தெரிந்தவரும் பேச்சில்லாமலே சிரிக்கவைக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1973ல் லுட்விக், கிறிஸ்டியான் சோர்கெயுடன் சேர்ந்து 'பப்பாடாகிஸ் வீட்டு விருந்து' எழுதினார். வேலை தேடி ஜெர்மனிக்கு வந்த கிரேக்கக் குடும்பத்தைப் பற்றியது. பிழைக்க வந்த ஊரில் 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்வியைத் தினமும் கேட்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கிரிப்ஸ் பிடித்தது அரசன், சூனியக்காரி கதையை அல்ல. வீடு, வகுப்பு, பெரியவர்களின் அதட்டல், இவற்றை. பெரிய நடிகர்களே குழந்தை வேஷம் போடுவார்கள்.

இந்தச் சரக்கு நம் பக்கத்துக்கும் வந்தது. மனநல மருத்துவரும் நடிகருமான மோகன் ஆகாஷே 1986ல் புனேயில் கிரிப்ஸ் பாணியைத் தொடங்கினார். லுட்விக்கின் 'மாக்ஸ் உண்ட் மில்லி'யை ஸ்ரீரங்க் கோட்போலே மராத்தியில் 'சான் சோட்டே வாயிட் மோட்டே' ஆக்கினார். அதாவது, நல்ல சின்னவங்க, மோசமான பெரியவங்க. வெறும் மொழிபெயர்ப்பாக இருந்திருந்தால் பெர்லின் வீடு பெர்லினிலேயே நின்றிருக்கும். பிள்ளைகளின் வீட்டை அறிந்த இரண்டாவது கை ஒன்று பட்டதால்தான் புனே வீடாயிற்று.

எல்லா நல்ல சிறுவர் நாடகமும் கூட்டு எழுத்துத்தானா என்றால், இல்லை. 1959ல் மும்பையில் சுதா கர்மார்க்கர் தொடங்கிய சிறுவர் அரங்குக்கு முதல் நாடகம் 'மதுமஞ்சிரி'. எழுதியவர் ரத்னாகர் மட்கரி ஒருவரே. அவருடைய 'அல்பத்யா கல்பத்யா'வில் திலீப் பிரபாவல்கர் போட்ட சூனியக்காரி வேஷத்தை மராத்திக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2018ல் திரும்பப் போட்டபோதும் கூட்டம் நிறைந்தது. கற்பனைக் கதைக்கு ஒரு கை போதும், அது மட்கரியின் கையாக இருந்தால். ஆனால் அதே மட்கரி, 2020ல் காலமாவதற்கு முந்தைய ஆண்டுகளில், தாணேயில் 'வஞ்சிதாஞ்சா ரங்கமஞ்ச்' என்ற முயற்சியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளையே தங்கள் நாடகத்தைக் கட்டவிட்டார். அத்தனை நாடகம் தனியாக எழுதினவர் கடைசியில் பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுத்தார் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழில் யாழ்ப்பாணம் நமக்கு முன்னோடி. 'கூடி விளையாடு பாப்பா'வை எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம், நெறிப்படுத்தியவர் அ. தாசீசியஸ். சண்முகலிங்கம் தாமே ஆசிரியர் என்பதால், நான் போய்க் கடன் வாங்க வேண்டியிருந்த வகுப்பறை அவரிடமே இருந்தது. புதுச்சேரியில் வேலு சரவணனோ 'கடல் பூதம்' போன்றவற்றில் எதிரே இருக்கும் பிள்ளைகளோடு பேசிப் பேசியே நாடகத்தை நடத்துகிறார்.

இனி எங்கள் கதை. நான் முதல் போட்ட பங்காளி, டீச்சர் ஒர்க்கிங் பார்ட்னர் என்று வைத்துக்கொண்டு இரண்டாம் பிரதி எழுதினோம். அரசவை மூன்று வரியாயிற்று. மயிற்பொறி, காய்கறி விற்கிற தள்ளுவண்டியாயிற்று. ஒத்திகையில் கந்துக்கடனாக நின்ற பையன் பிள்ளையைப் பார்த்ததும் "அரே, யாரோட பச்சா இது?" என்றான். நான் வெட்டச் சொன்னேன், டீச்சர் விடவில்லை. கடைசியில் வணிகனுக்குத் தாராவித் தமிழ், விசயைக்கு என் செந்தமிழ் என்று பேசி முடித்தோம். அது நஷ்டமில்லை. இவள் வேறு இடத்திலிருந்து வந்தவள் என்பது அவள் வாயைத் திறந்ததுமே சின்னப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை தும்மியதும் 'சீவ' என்று வாழ்த்துக் குரல் கேட்கும் இடம் காப்பியத்திலேயே உண்டு. நான் அதை ஒரு வரியில் தாண்டியிருந்தேன். டீச்சர் மூன்று தும்மல் ஆக்கினார். அதற்கு வந்த சிரிப்பை என் வசனம் எதுவும் வாங்கவில்லை.

பெரிய சண்டை முடிவைப் பற்றி. அரசி குழந்தையைப் போட்டுவிட்டுப் போவதுபோல் எழுதியிருந்தேன். "இந்தக் கிளாஸ்ல பாதிப் பிள்ளையள ஊர்ல ஆச்சிட்ட விட்டுட்டுத்தான் அம்மாமாரு இங்க வேலைக்கு வந்தாங்க, அண்ணாச்சி. பெறவுதான் கூட்டிட்டு வந்திருக்காங்க. இத அதுக பாக்கணுமா?" என்றார் டீச்சர். அரசி திரும்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. காப்பியத்தை மாற்ற மாட்டேன் என்பது என் கட்சி. இரண்டு வாரம் பேச்சு நின்றது. நடிக்காமல் திரை இழுக்கிற வேலை பார்த்த ஒரு பெண் பிள்ளைதான் கேட்டாள், "அவங்க மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாக்கலாம்ல, யாரு எடுத்துட்டுப் போறாங்கன்னு?"

வீட்டுக்கு வந்து நாமகள் இலம்பகத்தைப் புரட்டினேன். விசயை குழந்தைக்கு மோதிரத்தைப் பூட்டிவிட்டு, மறைந்து நின்றுதான் பார்க்கிறாள். நாற்பது வருஷமாகப் படிக்கிறேன், எழுதும்போது அந்த இடம் என் கண்ணில் படவே இல்லை. கந்துக்கடன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு போகும்வரை அவள் தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்பதாக மாற்றினோம். நாடகத்தன்று அந்த இடத்தில் தார்ப்பாயிலிருந்து சத்தமே இல்லை. கிள்ளலும் இல்லை.

மும்பையில் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆங்கிலவழியில், வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஆபீஸ் படிவத்தில் மராத்தி. இவர்களுக்குத் தமிழ் நாடகம் எழுத உட்காருகிறவர் எவ்வளவு படித்தவராயினும் இவர்கள் பேச்சு அவரிடம் முழுதாக இருக்காது. அதைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெட்டுகிறபோது கோபித்துக்கொண்டு போகக்கூடாது. நான் போனேன், இரண்டு வாரம் வீணாயிற்று.

அழைப்பிதழில் யார் பெயர் போடுவது என்று தலைமையாசிரியர் கேட்டார். டீச்சர் என் பெயரைச் சொன்னார், நான் அவர் பெயரைச் சொன்னேன். கடைசியில் வகுப்பின் பெயர் அச்சாயிற்று. திரை இழுத்த பெண், அதில் தன் பெயர் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்.