கோட்டைப் பார்த்தேன், புள்ளியைப் பார்க்கவில்லை: 2018-இன் இரண்டு மீகடத்தி வரைபடங்கள்

வடலூரில் மின்சாரத்தைப் பத்திப் பேச்செடுத்தால் அது நெய்வேலியில்தான் போய் நிற்கும். பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு கம்பியிலேயே சூடாகி வீணாகிறது. அதனால் 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 'அறை வெப்பநிலை மீகடத்தி' செய்தி வந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. டியூஷன் பிள்ளைகளுக்கு அந்த வரைபடத்தைப் பலகையில் போட்டே காட்டினேன். இப்போது அதைத் திரும்பப் படிக்கிறேன்.

தங்கத்துக்குள் புதைத்த வெள்ளி நானோ துகள்களில், 236 கெல்வினில் (மைனஸ் 37 டிகிரி செல்சியஸ்), மின்தடை சட்டென்று விழுகிறது என்றது கட்டுரை. கலவை விகிதத்தை மாற்றினால் அறை வெப்பநிலைக்கு மேலேயும் கொண்டுபோகலாமாம். ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் பிரையன் ஸ்கின்னர் ஒன்றைக் கவனித்தார். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரண்டு அளவீடுகளில், புள்ளிகளின் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருந்தது. ஒன்று மற்றதிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். இரைச்சல் என்பது தற்செயல். சோழியை இரண்டு தடவை உருட்டினால் அதே வரிசை திரும்ப விழுமா? 2019 மே மாதம் விரிவான பதிப்பு வந்தது. ஆனாலும் வெளி ஆய்வகங்கள் உறுதிப்படுத்தி, துறை ஏற்றுக்கொண்ட முடிவாக அது மாறவில்லை.

அதே 2018-இல் 'நேச்சர்' இதழில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு எழுதியது இன்னொன்று. இண்டியம் ஆன்டிமோனைடு என்ற குறைகடத்தியில் நானோ கம்பி, அதன்மேல் அலுமினியப் பூச்சு. அலுமினியத்தின் மீகடத்தும் குணம் கம்பிக்கும் தொற்றும். காந்தப்புலம் போதுமான அளவு இருந்தால் கம்பியின் முனைகளில் மயோரானா நிலைகள் தோன்றும் என்று 2010-இலேயே கோட்பாடு வந்துவிட்டது. அதைச் சொன்னவர்களில் ஒருவர் கொல்கத்தாவில் படித்த சங்கர் தாஸ் சர்மா. அப்படித் தோன்றினால் மின்கடத்து திறன் சுமார் 77.5 மைக்ரோ சீமென்ஸில் சமதளமாக நிற்கவேண்டும். கட்டுரையில் நின்றது. வின்சென்ட் மௌரிக்கும் செர்கெய் ஃப்ரோலோவும் முழுத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். வெட்டாத வரைபடத்தில் கோடு அந்த எண்ணைத் தாண்டி மேலே போயிருந்தது. 2021 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேண்டுமென்றே செய்ததற்குச் சான்றில்லை, ஆர்வத்தில் அடித்துப்போகப்பட்டார்கள் என்றது நிபுணர் குழு.

இரண்டில் எது எனக்கு அதிகம் பயம் தருகிறது என்றால், டெல்ஃப்ட் கட்டுரைதான். பெங்களூரு வரைபடத்தின் சிக்கல் அச்சிலேயே இருந்தது. உற்றுப் பார்க்க ஒரு ஆள் போதும். டெல்ஃப்டில் வெட்டிய பகுதி வரைபடத்திலேயே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது. மூலத் தரவு கையில் இல்லாமல் ஒரு கட்டுரையைப் பாதிதான் படிக்க முடியும் என்று நான் சொல்வது இதனால்தான்.

போன வாரம் இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டு வரைபடத்தையும் பலகையில் போட்டேன். "சார், அன்னிக்கு நீங்க இதைக் கவனிக்கலையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

இல்லம்மா. கோடு விழுந்ததைப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். புள்ளிகளைப் பார்க்கவே இல்லை.