பெயரால் கெட்ட தமிழ்

தென்னாப்பிரிக்காவின் ஆப்ரிக்கான்ஸ் மொழியை ஒரு காலத்தில் ‘சமையலறை டச்சு’ என்று கேலி செய்தார்கள். அரசாங்க அங்கீகாரம் 1925-ல்தான் கிடைத்தது. ஆனால் கேப் டவுன் முஸ்லிம்களுக்காக அபூபக்கர் எஃபெண்டி அம்மொழியில் எழுதிய சமய நூல், அரபு எழுத்தில், 1877-லேயே அச்சேறிவிட்டது.

இதே கதை நம்மிடமும் உண்டு. மணமேல்குடியிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் கீழக்கரை. அங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தமிழை அரபு எழுத்தில் எழுதினார். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்ட முறை அது. ‘அரபுத் தமிழ்’ என்பார்கள். ‘அர்வி’ என்றும் சொல்வதுண்டு. முதற்பெயர் ஏதோ கலப்படம் என்று நினைக்க வைக்கிறது. மற்றது அந்நிய பாஷை என்று. பெயரைக் கண்டே நம் விமரிசகர்களில் பலர் ஒதுங்கிவிட்டார்கள்.

இது நியாயமல்ல என்பது என் கட்சி. படிக்கச் சொல்லிக் கேளுங்கள்: அரபுச் சொற்கள் எத்தனை வந்தாலும் வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழே. வடமொழி நிறைந்த வைணவ மணிப்பிரவாள உரைகளுக்கு இலக்கிய வரலாற்றில் இடம் கொடுத்த நாம், இதை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்? எழுத்து வேறு, மொழி வேறு. வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் காது கொடுத்துக் கேட்கட்டும். பெயர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.