கூற்று மாறிய இரங்கலிசை

அகநூற் செய்யுட்களின்கீழ்க் காணப்பெறும் கூற்றுக் குறிப்புகள் செய்யுள் பாடியோர் எழுதியன அல்ல, பின்னோர் சேர்த்தன என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயினும் அக்குறிப்பு மாறுமாயின் செய்யுளின் பொருளும் மாறும். தலைவி கூற்றாகக் கொள்ளின் ஆற்றாமையாய்த் தோன்றுவது, தோழி கூற்றாகக் கொள்ளின் இடித்துரையாய் நிற்கும். இசைக்கும் இவ்வாறு கூற்று உண்டோ என்னும் வினாவை எழுப்புகின்றது, மாக்ஸ் ரிக்டர் 2004-இல் வெளியிட்ட ‘தி புளூ நோட்புக்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பு.

ரிக்டர் 1966-இல் செருமனியில் பிறந்து பிரித்தானியாவில் வளர்ந்தவர். இத்தாலிய இசையாசிரியர் லூச்சியானோ பெரியோவிடம் பயின்றவர். 11 பகுதிகளையுடைய இத்தொகுப்பில் நரம்பிசைக் கருவிகளும் பியானோவும் மின்னணு ஒலியும் விரவி வருகின்றன. முதற்பகுதியில் தட்டச்சுப் பொறியின் ஓசை கேட்கின்றது. நடிகை டில்டா சுவின்டன் காஃப்காவின் குறிப்பேட்டுப் பகுதியைப் படிக்கின்றார். பின்னர் மிவோசின் எழுத்தும் இடம்பெறுகின்றது. 2003-இல் நிகழ்ந்த ஈராக்குப் போருக்கு எதிரான உணர்வே இத்தொகுப்பிற்கு அடிப்படை என்பது ரிக்டரின் கூற்று.

இரண்டாம் பகுதியாகிய ‘ஆன் தி நேச்சர் ஆஃப் டேலைட்’ இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ ஆகியவற்றால் அமைந்தது. தாழ்ந்த சுரங்களின் மெல்லடைவு மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் வயலின் இசை படிப்படியாக எழுகின்றது. இப்பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, ‘ஷட்டர் ஐலண்ட்’ (2010), ‘அரைவல்’ (2016) ஆகிய திரைப்படங்கள் ஆண்டன. முன்னதில் அது மனைவியை இழந்தான் துயர். பின்னதில் மகளை இழக்கும் தாயின் துயர். இசை ஒன்றே, கூற்று வேறு.

அங்ஙனமாயின் போரெதிர்ப்பு இசையில் உளதா, ஆசிரியர் உரையில் மட்டும் உளதா? ஆசிரியர் உரையும் புறத்தே நின்று சேர்க்கப்பெற்ற குறிப்பே. எனவே அகச்சான்றே தேடத்தக்கது.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். திரைப்படங்கள் கண்டது இழவு. தொகுப்பு முழுமையும் காட்டுவதோ அசைவு, அஃதாவது முன்னைய நிலை கெட்டுத் தளர்தல். இறுதிப் பகுதியாகிய ‘ரிட்டன் ஆன் தி ஸ்கை’ இதற்குச் சான்று. இரண்டாம் பகுதியில் ஐந்து கருவிகள் கூடி இசைத்த அதே பொருளை ஈண்டுப் பியானோ ஒன்றே இசைக்கின்றது. கூட்டம் நீங்கித் தனிமை எஞ்சுகின்றது. ஒருவர் இறப்பினும் ஒரு சமூகத்தின் தளர்வே இவ்வமைப்பில் புலப்படுகின்றது.

குறையும் உண்டு. ‘விளாதிமிர்ஸ் புளூஸ்’ போன்ற சிறு பகுதிகள் தொடங்கிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. இசை எப்போரையும் சுட்டுவதில்லை. ஆதலின் ஆசிரியர் கூற்றுக்கு அகச்சான்று பாதியே துணை நிற்கின்றது. ஆயினும் அப்பாதியும் தொகுப்பை முறைப்படி முழுதும் கேட்பார்க்கே புலனாகும். இது தொடர்நிலைச் செய்யுள் போல்வது. ஒரு பாட்டைப் பிரித்தெடுத்து, அதன் துயரை நம் துயராக்கிக் கொள்ளுதல் எளிது. எவர் துயர் அது என வினாவுதலே திறனாய்வு.