புலி தாவும், ஆடு சூழும்

எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் மண்ணில் கோடு நிற்காது. வெயிலில் வெடிக்கும், மழையில் காலோடு ஒட்டி வரும். ஆடுபுலி ஆட்டத்துக்குத் திண்ணையோ கல்தளமோதான் இடம். கரித்துண்டால் ஒரு முக்கோணம், அதன் குறுக்கே ஒரு செவ்வகம், 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் என்னை மயக்குகிறது. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டவே வெட்டாது. பதினைந்தும் இறங்கும்வரை நகரக்கூடச் செய்யாது. நெருங்கி நின்று புலியை அடைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். வயலில் கிடை போட்டுப் பழகிய ஊருக்கு இது சொல்லாமலே புரியும்.

இந்த இயல்பை மாற்றினால் ஆட்டமே வேறாகிவிடும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டில் அப்படித்தான் ஆனது: 2016இல் 'சர்வைவல்' வகை வேட்டைக்காரனின் வில் போய் ஈட்டி வந்தது. தூர நின்று எய்தவன் கிட்டப் போய்க் குத்தினான். வருஷக்கணக்கில் அவனாகவே ஆடியவர்களுக்கு அவன் வேற்றாள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஆடுபுலி கைபேசிக்கும் வந்துவிட்டது. கொட்டை போய்ப் படம் வந்தது. வரட்டும், ஆடு இன்னும் தாவவில்லை. நானும் முதல் ஆட்டை மூலையில்தான் வைக்கிறேன். அங்கே புலியால் அதைத் தாண்ட முடியாது.