மதில் இல்லாத வளவுக்கு ரொட்வைலரா?

வன்னியில் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கத்தில் ஒரு குடும்பம் பெரிய காவல் நாய் ஒன்று வாங்க யோசிக்கிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். வளவு அரை ஏக்கர், ஒரு ஏக்கர். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். பிள்ளைகள் கனடாவிலோ சுவிஸிலோ. வீட்டில் வயது போன இருவர். அல்லது போரில் கணவனை இழந்த பெண்ணும் பிள்ளைகளும். கிணற்றடி மோட்டரும் கட்டியிருந்த கன்றும் ஒரே இரவில் காணாமற்போகலாம். “ஒரு ரொட்வைலர் வாங்கி விடுங்கோ, காசு நான் அனுப்புறன்” என்று மகன் தொலைபேசியில் சொல்வதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பயம் உண்மை. அந்தப் பயத்துக்கு ஐம்பது கிலோ நாய்தான் பதிலா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ரொட்வைலர் ஜேர்மனியின் ரொட்வைல் நகரத்தில் மாடு சாய்த்தவர்களும் இறைச்சி வியாபாரிகளும் வளர்த்த இனம். ஆண் நாய் 61 முதல் 68 சென்ரிமீற்றர் உயரம், ஏறத்தாழ 50 கிலோ. சொல்வதைப் புரிந்துகொள்ளும், வீட்டாரோடு ஒட்டும். படலைக்குப் பின்னால் அது எழுந்து நின்றாலே போதும், வேலி தாண்ட நினைப்பவன் அடுத்த வளவைப் பார்ப்பான். கடிக்காமலே காக்கும் வல்லமை அதன் உருவத்தில் இருக்கிறது. ஊர் நாய்க்கு அது இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பல காவல் இனங்களின் இன்னொரு சிறப்பு, ஆணைக்குக் காத்திராமல் தாமே முடிவெடுப்பது. துருக்கியின் அனத்தோலிய மேட்டு நிலத்தில் செம்மறி மந்தையோடு அலையும் கங்கல் நாய்க்கு அது இல்லாமல் முடியாது. ஓநாய் வரும்போது கேட்டுச் செய்ய மேய்ப்பன் பக்கத்தில் நிற்கமாட்டான். நமீபியாவில் சீற்றாப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இந்த வகை நாய்களைப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்துவருகிறது. ஆடுகள் தப்புகின்றன, ஆட்டுக்காகச் சீற்றாக்களைச் சுடும் தேவையும் குறைகிறது. வெயில் நாட்டிலும் பெரிய காவல் நாய் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அங்கே குட்டி சில வாரப் பருவத்திலேயே ஆடுகளோடு விடப்படுகிறது. பிறகு நாள் முழுக்க மந்தையோடு நடக்கிறது. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது.

நமது வீட்டில் அதற்கு என்ன வேலை? பகலில் மாமரத்தடியில் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு. இந்த வழக்கத்தில்தான் பெரிய பிழை இருக்கிறது. தபால்காரர் சைக்கிளில் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் படிக்கிறது. மீற்றர் வாசிக்க வருபவர், மீன்காரர், பக்கத்து வீட்டுப் பெடியன் என்று நாளும் பொழுதும் அதே பாடம். ஒரு வருடத்தில், அந்நியர் எல்லோரும் துரத்தவேண்டியவர்கள் என்ற முடிவுக்கு அது வந்துவிடும். பிறகு ஒருநாள் சங்கிலி அறும்.

வன்னி வீடு திறந்த வீடு. கதியால் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி போவார்கள். செத்தவீட்டுச் செய்தி இரவு பதினொரு மணிக்கும் படலையைத் தட்டும். இப்படிப்பட்ட வளவில் தானே முடிவெடுக்கும் நாய் என்ன முடிவெடுக்கும் என்று வீட்டுக்காரரே சொல்ல முடியாது. மலையில் அதன் சிறப்பாக இருந்த குணம் இங்கே ஆபத்தாகிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2024 மே 5 அன்று மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் இந்திய மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை இரத்துச் செய்தது. இனத்தின் பெயரைப் பட்டியலிட்டுத் தடுப்பது எனக்கும் உடன்பாடில்லை. வளர்ப்பவரைப் பார்க்காமல் நாயை மட்டும் பார்ப்பது பாதி வேலை. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது: ஊர் நாய் கடித்தால் காயம், ரொட்வைலர் கடித்தால் சத்திரசிகிச்சை. ஒரே தவறுக்கு இங்கே விலை அதிகம்.

செலவைப் பார்ப்போம். ஐம்பது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி வேண்டும். சோற்றால் மட்டும் அதை நிரப்பினால் ஒன்றரைக் கிலோச் சோறு. அதுவும் புரதம் போதாத சாப்பாடு. மிஞ்சிய சோறும் கருவாட்டுத் தலையும் போட்டு வளர்த்தால் எலும்பு வளைந்த பெரிய நாய்தான் மிஞ்சும். சோளகம் வீசும் மாதங்களில் நண்பகலில் அந்தக் கறுத்த உடம்பைக் கிணற்றடிச் சேற்றில் பார்க்க வேண்டும்: வயிறு முழுக்கப் புதைத்து, நாக்கு ஒரு பக்கம் தொங்க, யார் வந்தாலும் தலை தூக்காமல் கிடக்கும். இதற்கு மேல் உண்ணி, உண்ணிக் காய்ச்சல். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டுமென்றால் அறுபது வயது அம்மா அதை எப்படி ஓட்டோவில் ஏற்றுவார்? மகன் அனுப்பும் காசுக்குள் அடங்காத விஷயம் இது. வீட்டார் மூன்று நாள் யாழ்ப்பாணம் போனால், அடுத்த வீட்டார் உள்ளே வந்து சாப்பாடு வைக்கவும் முடியாது.

கள்வனைப் போல யானைப் பயமும் இங்கே உண்டு. ஆனால் யானைக்கு எந்த நாயும் காவல் இல்லை. குரைத்துக்கொண்டு போய், துரத்தப்பட்டதும் எசமானை நோக்கியே ஓடிவரும் நாய், யானையையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்த மண்ணில் பெரிய நாய்க்கு இடம் இருக்குமென்றால் அது வீட்டு முற்றம் அல்ல, மாட்டுப் பட்டி. நரி ஆட்டுக்குட்டியைக் கௌவும் இடம் அது. ஆனால் அங்கேயும் இனம்தான் தேவை என்று சொல்ல முடியவில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்கள் கலப்பின ஊர் நாய்களையே குட்டியிலிருந்து செம்மறிகளோடு வளர்த்து மந்தையைக் காக்கிறார்கள். 1980களில் ஆய்வாளர்கள் அதைப் பதிவும் செய்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்தது குலமல்ல, வளர்ப்பு.

ஆக, ரொட்வைலர் யாருக்குப் பொருந்தும்? சுற்றுமதிலும் பூட்டும் கேற்றும் உள்ளவருக்கு. நாயைக் கையில் பிடித்து அடக்கக்கூடிய ஒருவர் பகல் முழுக்க வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு. முதல் வருடத்தில் நாளும் ஆட்களோடு பழக்கி, கடைத்தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போகப் பொறுமை உள்ளவருக்கு. அப்படியான வீடுகள் ஸ்கந்தபுரத்தில் இல்லாமல் இல்லை. அவர்கள் தாராளமாக வளர்க்கட்டும். தனித்திருக்கும் பெண்ணுக்கும் முதியவருக்கும் தேவைப்படுவது கள்வன் வருமுன் எழுப்பிவிடும் குரைப்பு. அதை இரண்டு ஊர் நாய்கள் தரும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் குட்டியின் விலைக்கு முதலில் வேலியை அடைத்து, முற்றத்தில் நல்ல வெளிச்சம் போட்டுக் கொடுங்கள். மிச்சத்தில், அம்மாவோடு ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள், குட்டி போடாமல் சிகிச்சை செய்யுங்கள், பிரதேச சபையில் பதிவும் செய்துவிடுங்கள். நாய்ப் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் 1901 முதல் இருக்கிறது.