அட்டைகளுக்கு நடுவே

எங்கள் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி அக்கா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆதம்பாக்கத்தில் வெயில் ஏற ஆரம்பித்ததும் தண்ணீர் லாரிக்குச் சொல்வதும், லாரி வந்ததும் சம்ப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. போன சித்திரையில் ஒருநாள் லாரிக்காகக் காத்திருந்தபோது செல்போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது சரியா வந்திருக்கா பாருங்க. பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுக் கொடுத்தா."

குட்ரீட்ஸில் அவர் பெயருக்குக் கீழே, பிடித்த புத்தகங்கள் என்ற இடத்தில், மூன்றே மூன்று அட்டைகள். அசோகமித்திரனின் 'தண்ணீர்', எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', பூமணியின் 'வெக்கை'.

லாரி வந்தது, குழாய் மாட்டினார்கள், அக்கா போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மூன்று அட்டைகளும் அன்று முழுக்க என் மனதை விட்டு நகரவில்லை. 'தண்ணீர்' சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நடுவில் ஜமுனா என்ற பெண் மெல்ல மெல்ல நிமிர்வதைச் சொல்லும் நாவல். 'வெக்கை'யில் கொலை செய்துவிட்ட பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் 1951இல் முதலில் வெளிவந்த ஒரு சமையல் புத்தகம். தண்ணீர், உலை, நெருப்பு. ஒரு குடும்பம் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து வைத்தது போல இருந்தது. இரண்டு நாவல்களையும் நான் பலமுறை படித்திருக்கிறேன். அவற்றை இப்படி ஒரு சமையல் புத்தகத்தின் இருபுறமும் வைத்துப் பார்த்ததே இல்லை. இணையத்தில் ஒருவர் தன் பெயருக்குக் கீழே வைக்கும் புத்தகங்களை ரசிப்பது என்று நான் சொல்வது இந்த அனுபவத்தைத்தான்.

நம்மூரில் இந்தப் பழக்கம் ஆர்குட் நாளிலேயே வந்துவிட்டது. 2004இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட அந்தத் தளத்தில், புரொஃபைலில் புத்தகங்களுக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. எல்லோர் கையிலும் தமிழ் தட்டச்சு வராத காலம். கல்கியும் ஜானகிராமனும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். 2007இல் வந்த குட்ரீட்ஸ் பெயர்களை அட்டைப் படங்களாக்கிக் காட்டியது. சினிமாவுக்கென நியூசிலாந்தில் 2011இல் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்டு இன்னும் கறார்: பிடித்த படம் நான்கு, அதற்குமேல் இடமில்லை. அந்தக் கறார் எனக்கு மிகவும் பிடிக்கும். இருநூறு புத்தகம் அடுக்கியவரிடம் அவர் அலமாரியைப் பார்க்கலாம். நாலைந்தோடு நிறுத்தியவரிடம் ஆளையே பார்க்கலாம்.

பொறுக்கி எடுத்து வரிசையாக வைப்பது தமிழுக்குப் பழகிய வேலை. நம் பழைய பாட்டுகள் நம் கைக்கு வந்ததே தொகுத்தவர்களால்தான். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறோம். பாடியவரோடு எடுத்து வைத்தவரையும் மறக்கக் கூடாது என்று எண்ணிய மரபு இது.

அகநானூற்றின் அடுக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மொத்தம் 400 பாட்டு. 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை, பிரிவைப் பாடுபவை. 2, 8, 12, 18 என்று வருபவை குறிஞ்சி. 4, 14, 24 முல்லை. 6, 16, 26 மருதம். 10, 20, 30 நெய்தல். அப்படியென்றால் புத்தகத்தில் பாதி, சரியாக 200 பாட்டு, பிரிவு. எங்கே திறந்தாலும் ஒரு பிரிவைக் கடந்துதான் அடுத்த சந்திப்புக்குப் போகமுடியும். மலைச்சாரலில் காதலர் கூடும் பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் சுடுமணல். ஊடலுக்கு இருபுறமும் சுடுமணல். தனித்தனியாகப் பாடிய புலவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. வரிசையாக வைத்த கை செய்தது. 121 முதல் 300 வரையுள்ள நடுப்பகுதிக்கு 'மணிமிடை பவளம்' என்று பெயர். மணிகளுக்கு இடையிடையே பவளம் கோத்த மாலை. மணி தனியாகவும் அழகுதான், பவளம் தனியாகவும் அழகுதான். பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்று இன்னொன்றின் நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறது. யாருடைய புத்தக வரிசையைப் பார்த்தாலும் எனக்கு இந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அதனால் அடுத்தமுறை ஒரு வரிசையைத் திறக்கும்போது தனித்தனி அட்டையில் கண்ணை நிறுத்தாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே பாருங்கள். இது ஏன் அதன் பக்கத்தில் வந்தது என்று கேளுங்கள்.

தமிழ் வாசகர்கள் வரிசையில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அடிக்கடி வரும். அதைக் கண்டதும் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். போகவேண்டாம். 2014இல் ஃபேஸ்புக்கில், மனதில் தங்கிவிட்ட 10 புத்தகங்களைச் சொல்லச் சொல்லி ஒரு அலை வந்தது, நினைவிருக்கலாம். அதிகம் யோசிக்காமல் சில நிமிடங்களில் எழுதவேண்டும் என்பது விதி. அப்படிக் குவிந்ததில் சுமார் 1,30,000 பதிவுகளை அந்த நிறுவனத்தார் எண்ணிப் பார்த்தார்கள். முதலில் நின்றது ஹாரி பாட்டர். எல்லோரும் எடுத்து வைக்கும் ஒரு புத்தகம் எந்த மொழியிலும் இருக்கும். அதன் அக்கம்பக்கம்தான் ஆளுக்கு ஆள் மாறும், பார்க்கவேண்டிய இடமும் அதுதான்.

பரங்கிமலை ஸ்டேஷனில் என்னோடு ரயிலேறும் இளைஞர் ஒருவரின் பக்கத்தைச் சொல்கிறேன். அவரும் 'பொன்னியின் செல்வன்' வைத்திருக்கிறார். ஆனால் ஐந்து பாகத்தையும் வைக்கவில்லை. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' மட்டும். அதை ஒட்டி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. முதலில் எனக்குப் புரியவில்லை. தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் புரிந்தது. 'சுழற்காற்'றின் கடைசிப் பகுதியில் கடலில் புயல் அடிக்கிறது, வந்தியத்தேவனும் இளவரசரும் அலையில் தத்தளிக்கிறார்கள், பூங்குழலி படகைச் செலுத்திக்கொண்டு வந்து காப்பாற்றுகிறாள். சிங்காரத்தின் நாவலில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடல், தொங்கான் என்ற மரக்கலம், அதில் நம் ஊர்க்காரர்கள். அங்கே புயல் அடிக்கும்போது பாடிக்கொண்டு படகோட்டி வர யாரும் இல்லை. காற்று ஓயும்வரை தாக்குப்பிடிக்கவேண்டியதுதான். 1950இல் தொடராகத் தொடங்கிய கதையையும் 1972இல் வெளிவந்த கதையையும் அந்தப் பையன் ஒரே காற்றில் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு புயலையும் எடுத்து அடுத்தடுத்துப் படித்தேன். அந்த இரவுக்காக அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அட்டையையும் பார்க்கவேண்டும், அது இரண்டாவது. ஒரே நாவலுக்குப் பல பதிப்புகள் இருக்கும்போது எதை எடுத்து வைத்தார் என்பது அவர் எந்த வயதில், எந்த வீட்டில் படித்தார் என்று சொல்லும். கல்கி நாட்டுடைமையான பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் எத்தனையோ அட்டைகளோடு போட்டுவிட்டன. அதையெல்லாம் விட்டு, தி.நகர் தீனதயாளு தெருவின் வானதி பதிப்பை ஒருவர் தேடி வைக்கிறார் என்றால் அந்தப் புத்தகம் அவர் வீட்டில் பெரியவர்கள் கை வழியாக வந்திருக்கலாம். கே.எம். ஆதிமூலத்தின் கோடும் எழுத்தும் இருக்கும் பழைய அட்டையை வைத்திருப்பவரிடம் நான் கூடுதலாகக் கொஞ்சநேரம் நிற்பேன். எழுத்தை ஓவியமாகப் பார்க்கத் தமிழ் வாசகனைப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

குட்ரீட்ஸ் தளத்தில் சில தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டைப் படமே இருக்காது, சாம்பல் கட்டம்தான் தெரியும். சிலர் தங்கள் பிரதியையே படம் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஒன்றில், அட்டை மூலையில் ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை பாதி அழிந்து தெரிந்தது. முதுகில் கறுப்புத் துணி ஒட்டியிருந்தார்கள். யாரோ எப்போதோ திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட புத்தகம். திருப்பிக் கொடுக்க மனம் வராத புத்தகத்தைவிடப் பிடித்த புத்தகம் வேறு எது?

வரிசையில் ஒட்டாமல் நிற்கும் ஒன்றையும் தேடுங்கள். ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்துக்குப் பக்கத்தில் முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி'யை வைத்திருந்த ஒருவரை நான் உடனே நம்பினேன். பத்து வயதில் தன்னைப் பிடித்துக்கொண்டதை நாற்பது வயதில் மறைக்காதவர் அவர். ஒட்டாத ஒன்றும் இல்லாத வரிசை பெரும்பாலும் வேறு யாரோ போட்ட பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்கும். பட்டியல் போடுவது விமர்சகர்களின் வேலை, அவசியமான வேலை. க.நா.சு. தன் வாழ்நாள் முழுக்க அதைச் செய்தார். அவர் புத்தகம் ஒன்றின் தலைப்பே 'படித்திருக்கிறீர்களா?' என்ற கேள்விதான். அந்தக் கேள்வி நம்மை நோக்கி வருகிறது. சொந்த வரிசை அதற்கு நாம் சொல்லும் பதில். பதிலைக் கேள்வியிலிருந்தே எழுதி வைத்துவிடக் கூடாது.

உங்கள் வரிசையை நீங்களே அமைத்துப் பார்த்தால் அடுத்தவருடையதை ரசிப்பது இன்னும் கைகூடும். எதை வைப்பது என்று தெரியாமல் திகைத்தவர்களுக்கு, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் முழுதாக மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஊறி உப்பிய புத்தகங்களை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தோம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் போல ஆகிவிட்டன. பிரிக்கப் பார்த்தால் எழுத்து கூடவே உரிந்து வந்தது. ஜனவரியில் நடக்கவேண்டிய சென்னைப் புத்தகக் காட்சியும் அந்த முறை தள்ளிப்போனது.

கையில் கொஞ்சம் பணம் வந்ததும் நான் முதலில் போனது பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கு. 'என் சரித்திரம்' வாங்கினேன். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் உ.வே. சாமிநாதையர் எழுதிய வாழ்க்கைக் கதை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததையும், போன இடத்தில் ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டோம், நெருப்பில் இட்டுவிட்டோம் என்று சொல்லக் கேட்டு அவர் துடித்ததையும், சுவரில் ஈரம் காயாத அறையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அடுத்து வாங்கியது சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. மூன்றாவது கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்'. பத்து வருடமாக எனக்கு மிகவும் பிடித்தது என்று எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு பெரிய நாவலும் அந்தத் தண்ணீரில் போயிருந்தது. இன்றுவரை அதைத் திரும்ப வாங்கவேண்டும் என்று தோன்றவில்லை. அது போனதே வெகுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

மறுபடி வாங்கிய அந்த மூன்றும், வாங்கிய அதே வரிசையில், இப்போது என் பெயருக்குக் கீழே இருக்கின்றன. மூன்றும் இருந்து பிறகு இல்லாமல் போனவற்றின் கதை என்பது அடுக்கி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்களிடம் இருக்கும் எல்லாம் ஒருநாள் நனைந்துபோனால் எந்தப் புத்தகத்துக்காக முதலில் பஸ் ஏறுவீர்கள்? அதை முதலில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள், ஆனால் எடுத்த புத்தகத்தின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அக்காவிடம் ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் பேச்சு வந்தது. தண்ணீர், உலை, நெருப்பு என்று நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நான் அப்படி நினைச்சு வெக்கல தம்பி. 'சமைத்துப் பார்' கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல உப்பு எவ்வளவுன்னு அம்மா கையெழுத்து இருக்கும். 'தண்ணீர்'ல டீச்சரம்மா வருவாங்களே, அப்படியே எங்க பெரியக்கா. பேச்சு, கோபம் எல்லாம்."

"'வெக்கை'?"

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா போனதுக்கப்புறம் படிச்சேன். எல்லாரும் கொலைக் கதைங்கறாங்க. எனக்கு அது அப்பாவும் புள்ளையும் கூடவே நடந்து போற கதை."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "உங்களோடது எங்க, காட்டுங்க" என்றார். போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் அட்டையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது வெள்ளத்துல நனைஞ்சதுதானே? தோ, இந்த இடத்துலதானே காயவெச்சீங்க. காத்துல பறக்காம இருக்க நான்தான் என் இட்லித் தட்டைக் கொண்டுவந்து மேல வெச்சேன்."