இங்கிலீஷ் லிட்டரேச்சர்: எந்த இங்கிலீஷ், யாருடைய லிட்டரேச்சர்?

எம்.ஏ. முதல் வருசம் முடிந்த லீவு. மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பற்றிய பதினைந்து மார்க் கட்டுரையை நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பெரியப்பா மடியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். எங்கள் காலனியை ஒட்டியிருக்கும் பஞ்சமி நிலம் சம்பந்தமான கோர்ட் உத்தரவு. "நீதான் இங்கிலீசு படிக்கிறியே, இன்னா போட்டுகீறான், படிச்சி சொல்லு." ஆயா, சித்தப்பா, தெருக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பக்கம். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. கடைசி வரியில் மனு 'டிஸ்போஸ்டு ஆஃப்' என்றிருந்தது. வேண்டாததைத் தூக்கிப் போடுவதற்கான சொல் என்றுதான் எனக்குத் தெரியும். "தள்ளிட்டாங்க பெரியப்பா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார்.

தள்ளவில்லை. நான்கு வாரத்துக்குள் புதிதாக மனு கொடுத்தால் அதிகாரிகள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டு வழக்கை முடித்திருந்தார்கள். ஒரு வக்கீல் தோழர் வந்து அதைப் பார்த்தபோது ஆறு மாசம் ஓடிவிட்டிருந்தது.

இது என் முட்டாள்தனம் என்றே பல வருசம் நினைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருசப் படிப்பில் நாலு வருசத்தைத் தாண்டிய ஒருவனுக்கு ஒரு உத்தரவை வாசிக்கத் தெரியவில்லை என்றால், அந்தப் பாடத்திட்டத்தையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1835ல் மெக்காலே குறிப்பு எழுதினார். அரசுக்கும் மக்களுக்கும் இடையில் நிற்கிற ஒரு கூட்டத்தை உருவாக்குவது நோக்கம். இங்கிலாந்தின் கல்விக்கூடங்களில் இங்கிலீஷ் இலக்கியம் ஒரு பாடமாக நிலைபெறும் முன்பே இந்தியாவில் அது பாடமாகிவிட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989ல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதாவது மொழியைக் கற்றுத் தருவதைவிட ரசனையையும் ஒழுக்கத்தையும் கற்றுத் தருவதுதான் அங்கே பெரிய வேலை. இந்த ஏற்பாட்டில் யார் சுலபமாகப் போய் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேதத்தை உச்சரிப்பு பிசகாமல் ஒப்பித்துப் பழகிய வீடுகளுக்கு ஷேக்ஸ்பியரை ஒப்பிப்பது புது வேலையா என்ன? பிரதி புனிதமானது, உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னபோது என் வகுப்பு சிரித்த சிரிப்பில் இங்கிலாந்து எதுவும் இல்லை. அது நம்மூர்ச் சிரிப்பு.

உரைநடைத் தாளில் சார்ல்ஸ் லாம் உண்டு, பேக்கன் உண்டு. இருக்கட்டும். ஆனால் நமது வாழ்வோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் உரைநடை ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல் பறையர்கள் நிலைமை பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கை. குடியிருக்கிற மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததை, நிலம் கேட்டால் எப்படியெல்லாம் தடுத்தார்கள் என்பதை, எழுதியிருக்கிறார். அதைத் தொடர்ந்துதான் 1892ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதே செங்கல்பட்டில் காரணையில், பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில், 1994ல் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பெரியப்பா மடியில் இருந்த பேப்பர் அந்த அறிக்கையின் தொடர்ச்சி. அந்த மாவட்டத்திலேயே உட்கார்ந்து ஐந்து வருசம் இங்கிலீஷ் படித்த எனக்கு ட்ரெமென்ஹீர் என்ற பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை.

அம்பேத்கரையும் சொல்லவில்லை. 1936ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, கூட்டியவர்களே பயந்து மாநாட்டை ரத்து செய்த பிறகு, தன் சொந்தக் காசில் அச்சிட்டாரே 'சாதி ஒழிப்பு', அது இங்கிலீஷில் எழுதப்பட்டது. ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது, எதிராளியின் பதிலை முன்கூட்டியே எடுத்து எப்படி உடைப்பது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டுமா? இப்போது சில இடங்களில் வைக்கிறார்கள். அதுவும் 'தலித் இலக்கியம்' என்ற விருப்பப் பாடத்தில். உரைநடைத் தாளில் அல்ல.

'ஆங்கில மோகம்' என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவித்திரிபாய் பூலே 1854லேயே தன் கவிதைத் தொகுப்பில் இங்கிலீஷ் படியுங்கள் என்று எழுதிவிட்டார். தாய்மொழிப் பள்ளியின் கதவு நமக்கு எவ்வளவு திறந்திருந்தது என்பதைச் சொல்லிவிட்டு அவர்கள் மேலே பேசட்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தபோது, இது கொச்சை, இது இலக்கியமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2000ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் இங்கிலீஷாகி வந்ததும் இங்கிலீஷ் துறைகள் சேர்த்துக்கொண்டன. சந்தோசம்தான். ஆனால் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கருக்கு என்பது பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்கும் விளிம்பு, அது ஒரு சிம்பல் என்று போர்டில் படம் போட்டு விளக்கினார்கள். என் இடது காலில் அந்த சிம்பல் கிழித்த தழும்பு இருக்கிறது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். பின்னிணைப்பில் அர்த்தம் பார்க்காமலே அந்தப் புத்தகத்தை வாசிக்கக்கூடியவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பார்த்துப் படித்தவர்கள் 'ட்ராமா', 'ஐடென்டிட்டி' என்று செமினார் கொடுத்தார்கள். ஐந்து மார்க் கேள்வியில் எனக்கு இரண்டரை.

உள்ளே விட்டவர்களுக்கு வெளியே தள்ளவும் தெரியும். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் இங்கிலீஷ் ஆனர்ஸ் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யோடு சேர்த்து எடுத்துவிட்டது. கல்விக் குழுவிலேயே சிலர் எழுத்துமூலம் மறுப்பு கொடுத்தும் நடக்கவில்லை.

இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது? என்னோடு படித்தவர்களில் பி.எட். முடித்துவிட்டு டி.ஆர்.பி. பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. கால் சென்டருக்குப் போய் ஆறு மாசத்தில் தொண்டை கட்டித் திரும்பியவர் உண்டு. நான் ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜில் 'கம்யூனிகேசன்' வாத்தியார். செல்ஃப் இன்ட்ரொடக்சன், குரூப் டிஸ்கசன், டை கட்டுவது எப்படி. அதாவது பண்பாடு. வெள்ளைக்காரன் விட்ட இடத்திலிருந்து நானே தொடர்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலனி மன்றத்தில் வேறு வகுப்பு. பஞ்சமி நில வழக்குகளின் உத்தரவுகளை நகல் எடுத்து வரிவரியாகப் படிக்கிறோம். பெரியப்பாவின் பேப்பர்தான் முதல் பாடம். அவர் இப்போது இல்லை. முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள், போன வாரம் நாலு பேர். இரண்டு பேர் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். உங்கள் பகுதியில் இதுமாதிரி உத்தரவுகள் இருந்தால், ஜெயித்ததோ தோற்றதோ, ஒரு நகல் அனுப்புங்கள் தோழர்களே.